எண்டோஸ்கோப்பியில் பயாப்ஸிக்குப் பணம் கட்டினால் அதன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு உள்ளே பார்க்கும் மதுரையின் ஒரு தனியார் எண்டோஸ்கோப்பி மையத்தில் என் தம்பிக்கு நேர்ந்ததை, விழுங்கச் சிரமப்படுபவர்களும் அவர்களை அழைத்துச் செல்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திருமங்கலத்தில் கடை வைத்திருக்கும் அவனுக்கு இட்லியும் குழைந்த சோறும் தடையின்றி இறங்கும்; பரோட்டாவோ ஆட்டுக்கறியோ என்றால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். கறித்துண்டு ஒன்று நெஞ்சில் சிக்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் தவித்த பிறகே அந்த மையத்துக்குச் சென்றோம். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, சில நிமிடங்களில் பரிசோதனையை முடித்தார்கள். உணவுக்குழாய் இயல்பாக இருக்கிறது, இரைப்பையில் லேசான அழற்சி என்று அறிக்கை வந்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அறிக்கையில் ஒட்டியிருந்த நான்கு படங்களும் இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கமும்தான். உணவு இறங்கவில்லை என்று வந்தவனின் உணவுக்குழாய்க்கு ஒரு படம்கூட இல்லை.

பில்லில் பயாப்ஸிக்கு, அதாவது திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு, தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். அதன் அறிக்கை எங்கே என்று கேட்டபோதெல்லாம், "நார்மல்தான் சார், அதான் மாத்திரை குடுத்தாச்சே" என்பதே கவுண்டரில் பதில். விடாமல் கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது: இரைப்பையிலிருந்து ஒரே ஒரு துணுக்கை எடுத்து, எச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கிட்டில் போட்டிருக்கிறார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் சிவப்பாக மாறும். மாறவில்லை, எனவே குப்பையில் போட்டுவிட்டார்கள். வயிற்றுப்புண்ணுக்கு அது பயனுள்ள சோதனைதான். ஆனால் உணவுக்குழாயைப் பற்றி அது எதையும் சொல்லாது, நோயியல் ஆய்வகத்துக்கும் எதுவும் போகவில்லை.

மாத்திரை தின்றும் குணமாகாததால் வேறொரு குடல்நோய் மருத்துவரிடம் போனோம். சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி, இருந்தது. அந்த மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தச் சொல்லி, மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தார். உணவுக்குழாயில் வளையம் வளையமாக மடிப்புகளும் நெடுக ஓடும் பள்ளங்களும் இருப்பதைப் படத்தில் காட்டினார். மேல்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் ஆறு துணுக்குகள் எடுத்து, பெயர் எழுதிய இரண்டு ஃபார்மலின் குப்பிகளில் போட்டு எங்கள் கண்முன்னே ஆய்வகத்துக்கு அனுப்பினார். இயோசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி என்று முடிவு வந்தது. 1993இல் தனி நோயாக விவரிக்கப்பட்ட இந்த ஒவ்வாமை நோயில் குழாய் பார்வைக்கு இயல்பாகவே தெரியலாம். நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கத்தில் தெரியும் ஒரு பார்வைப் புலத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் 15 ஆவது இருக்கின்றனவா என்று துணுக்கில் எண்ணிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். விழுங்கும் ஸ்டீராய்டு மருந்தில் தம்பி இப்போது தேறி வருகிறான்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாததை முதல் மருத்துவர் தவறவிட்டார் என்பதற்காக நான் வருந்தவில்லை. விழுங்க முடியவில்லை என்று வந்தவனிடம் அந்த இடத்திலிருந்து துணுக்கே எடுக்காமல், ஆய்வகத்துக்கும் எதையும் அனுப்பாமல், பயாப்ஸி என்று பணம் வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, எண்டோஸ்கோப்பிக்குப் படுக்கும் முன்பே, பயாப்ஸி எடுப்பீர்களா, எங்கிருந்து எடுப்பீர்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். எடுத்தால் ஆய்வகத்தின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதி வாங்குங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். பில், அறிக்கை, படங்கள் அனைத்தையும் வைத்து நாங்கள் மனு தயாரித்துவருகிறோம். உங்கள் வீட்டிலும் பழைய எண்டோஸ்கோப்பி பில் இருந்தால், அதில் பயாப்ஸி என்று போட்டிருக்கிறதா, அதற்கான ஆய்வக அறிக்கை கையில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.