முடக்குவாதமும் 20 கேள்விகளும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

ரத்தப் பரிசோதனையில், உடம்பிலுள்ள அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியிருந்த மாதங்களிலும் என்னால் காலையில் தண்ணீர்க் குழாயைத் திருக முடியாமல் இருந்ததுண்டு. அதை மருத்துவருக்குப் புரியவைக்கக் கைகொடுத்தது, அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் ஹெச்.ஏ.க்யூ. (Health Assessment Questionnaire) என்ற வினாத்தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெகுநேரம் பஸ்ஸில் போய், சில நிமிடங்களே டாக்டரைப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய துணை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 1980இல் வெளிவந்தது. உடுத்துவது, எழுவது, உண்பது, நடப்பது என எட்டுப் பிரிவுகளில் 20 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும்: சிரமமே இல்லையென்றால் 0, அறவே முடியாவிட்டால் 3. ஒவ்வொரு பிரிவிலும் மோசமான எண்ணை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அது 0.22 அளவுக்கு மாறினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்பது பரவலான கணக்கு.

ஆனால் கேள்விகள் வேறொரு வீட்டுக்காக எழுதப்பட்டவை. காரில் ஏறி இறங்க முடிகிறதா, தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா, அட்டைப் பெட்டிப் பாலைத் திறக்க முடிகிறதா! எங்கள் வீட்டில் இவை எதுவும் இல்லை. தரையில் சம்மணமிட்டு எழுவதையும் கழிவறையில் குந்துவதையும் கேட்கும் இந்திய வடிவம் 2002இல் வந்தது. என் உடம்பை அதுதான் நேராக விசாரிக்கிறது. மார்கழியில் குனிந்து கோலம் போடுவது, முறத்தில் புடைப்பது, ஈரத்துணி பிழிவது ஆகியவற்றை நானே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்துவருகிறேன். மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.

இன்னொன்று, சமதளத்தில் நடக்க முடிகிறதா என்ற கேள்வி. டெல்டாவில் எங்கும் சமதளம்தான். நடவுக் காலத்தில் வழுக்கும் வரப்பில் கால்விரல்களை ஊன்றிப் போவதல்லவா சோதனை! நோயின் தீவிரத்தை அளக்க டாக்டர்கள் 28 மூட்டுகளை எண்ணிப் பார்க்கும் டி.ஏ.எஸ்.28 கணக்கிலும் பாத மூட்டுகள் வருவதில்லை. பாதம் வீங்கியிருந்தால் நாமே செருப்பைக் கழற்றிக் காட்டிவிட வேண்டும்.

பெரிய குறை, அசதிக்கு இதில் இடமே இல்லை. வலி அடங்கிய நாளிலும் உலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும் களைப்பை இந்த 20 கேள்விகள் தொடுவதில்லை. எஸ்.எஃப்.36 என்ற 36 கேள்வித் தாள் உடல் தெம்பையும் மனநிலையையும் சேர்த்தே கேட்கிறது. நீளம்தான், ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை நிரப்புவது நல்லது.

நிரப்பும் கிழமையை மாற்றாதீர்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை சாப்பிடுபவர்கள் அதன் மறுநாளைத் தவிர்க்கலாம். அன்றைய சோர்வில் பேனா தானாகவே 2ஐ நோக்கிப் போகிறது. வீட்டார் அருகிலிருந்து, “அதெல்லாம் செய்கிறாயே” என்று சொல்லும்போதும் நிரப்ப வேண்டாம். மருந்தின் அளவை மாற்றுவது பற்றிப் பேசும் நாளில் பழைய தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.