கோவையில் கொலனோஸ்கோபி, கோபியில் கால்சியம் பேச்சு

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது கல்யாணம், பட்டா மாறுதல் வேலைகளோடு, பெருங்குடலில் புற்று இருக்கிறதா, வரப்பார்க்கிறதா என்று கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியையும் சேர்த்துக்கொண்டேன். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் 50. மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். டல்லாஸில் எனக்கு அந்த ஆளுக்குத்தான் பஞ்சம். கோபியில் மச்சானோடு பங்காளிகளும் காரில் ஏறிக்கொண்டார்கள்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. திங்களன்று டாக்டரைப் பார்த்தேன், வியாழனே பரிசோதனை. ஸ்கோப், மயக்க மருந்து, பாலிப் (குடல் உள்சுவரில் வளரும் சின்னக் கட்டி) இருந்தால் எடுக்க, எடுத்ததைச் சோதிக்கும் பயாப்சிக்கு என்று கட்டணத்தைத் தனித்தனியாக முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசி பில் அதைத் தாண்டவில்லை.

சிரமமெல்லாம் வயிற்றைச் சுத்தம் செய்வதில்தான். ரெண்டு நாள் முன்பிருந்தே விதை, தோல், நார் கூடாது. ராகிக்களி, கொள்ளு, கீரை, கொய்யா எல்லாவற்றுக்கும் தடை. "அத்தன தூரத்துல இருந்து வந்த புள்ளைக்கு வெறும் ரசஞ்சோறா" என்று அத்தைக்கு மனசே ஆறவில்லை. பவுடர் கரைத்த தண்ணீரை முதல் நாள் சாயந்திரம் பாதி, விடியற்காலை மீதி குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடிப்பதைவிட இப்படிக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். ஃப்ரிட்ஜில் வைத்து, நடுநடுவே இளநீர் குடித்து ஒப்பேற்றினேன். சிவப்பு ஜூஸ் மட்டும் வேண்டாம் என்றார் நர்ஸ், உள்ளே பார்த்தால் ரத்தம் மாதிரித் தெரியுமாம்.

ஒரு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் அடினோமா, அதாவது பின்னாளில் புற்றாகக்கூடிய வகைப் பாலிப் என்று வந்தது, புற்று இல்லை. எல்லா அடினோமாவும் புற்றாகாது. ஆகிறவையும் பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முன்கூட்டியே பிடிக்க முடிகிறது.

குறை ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் "சிறிய பாலிப்" என்று மட்டும் இருந்தது. அளவு இல்லை, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்ற குறிப்பும் இல்லை. அமெரிக்கக் கணக்கில் 10 மி.மீ.க்குக் குறைந்த சாதாரண அடினோமா ஒன்றிரண்டு என்றால் அடுத்த ஸ்கோப் 7 முதல் 10 வருஷம் கழித்து, 10 மி.மீ. எட்டினால் மூன்றே வருஷம். அந்த எண் இல்லாத காகிதத்தை டல்லாஸ் டாக்டர் என்ன செய்வார்? ரெண்டு தடவை போய்க் கேட்ட பிறகுதான் 6 மி.மீ. என்று திருத்திக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே எண்ணிக்கை, அளவு, இருந்த இடம் மூன்றையும், பயாப்சி முடிவு வந்ததும் அதையும் சரிபார்த்து வாங்கிவிடுங்கள்.

வீட்டில் பேச்சு கால்சியத்துக்குத் தாவியது. "ஏனுங் மாப்ள, கால்சியம் மாத்தரை போட்டா இதெல்லாம் வராதுங்கறாங்களே?" என்றார் மச்சான். முழுப் பொய்யும் இல்லை. கால்சியம் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக் கட்டிப்போடும், அவற்றால் உள்சுவருக்கு வரும் எரிச்சல் குறையும் என்பது கணக்கு. 1999இல் வந்த அமெரிக்க ஆய்வில் தினம் 1200 மி.கி. எடுத்தவர்களுக்கு அடினோமா திரும்ப வருவது கொஞ்சம் குறைந்தது. 2015இல் இன்னும் பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதே ஆட்களைப் பின்னாளில் பார்த்தபோது கால்சியம் மாத்திரை போட்டவர்களிடம் செரேட்டட் என்ற வேறு வகைப் பாலிப் கூடியிருந்தது. பாலிப்புக்கென்று மாத்திரை வாங்க எனக்கு மனசில்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, பாலும் தயிரும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு வேண்டிய 1000 மி.கி.யை நெருங்கலாம். ஆனால் அத்தை வீட்டிலேயே இப்போது மூணு வேளையும் அரிசிதான், களி எப்போதாவது.

நார்ச்சத்தையும் ஒரேயடியாகப் புகழ முடியாது. கொழுப்பைக் குறைத்து, நார், காய், பழம் கூட்டி நாலு வருஷம் பார்த்த ஆய்வில், 2000இல் வந்தது, பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. சிகரெட், சாராயம், தொப்பை மூன்றும் ஆபத்தைக் கூட்டும் என்பதில்தான் சந்தேகம் குறைவு. இதைச் சொன்னதும் மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு 52. பவுடர் தண்ணிக்குப் பயந்தவருக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைப் பார்க்கும் ஃபிட் டெஸ்ட் வருஷத்துக்கு ஒருமுறை செய்யலாம், அதில் ரத்தம் தெரிந்தால் ஸ்கோப் தப்பாது என்று சொல்லி டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன். நான் கிளம்பும்வரை அது டிவி மேலேயே இருந்தது.