சொக்கலிங்கத்தின் மகள் எழுதிய சிரிப்பு நினைவுகள்

எங்கள் வாசிப்புக் குழுவில் இம்முறை அமெரிக்க நகைச்சுவைப் பெண் கலைஞர்கள் எழுதிய மூன்று தன்வரலாற்று நூல்களை எடுத்துக்கொண்டோம். டீனா ஃபேயின் ‘பாஸிபேண்ட்ஸ்’ எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஏமி போலரின் ‘யெஸ் ப்ளீஸ்’ சிலரைக் கவர்ந்தது, சிலரைச் சலிப்பில் ஆழ்த்தியது. கருத்து வேறுபாடு முற்றியது மிண்டி கேலிங் 2011இல் வெளியிட்ட ‘இஸ் எவ்ரிஒன் ஹேங்கிங் அவுட் வித்தவுட் மீ?’ என்ற நூலைப் பற்றிப் பேசியபோதுதான். “வறுமை இல்லை, கொடுமை இல்லை, பெரிய வீழ்ச்சியும் இல்லை. நல்ல பெற்றோருக்குப் பிறந்து, நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போன ஒரு பெண்ணின் அரட்டையை நான் எதற்குப் படிக்க வேண்டும்?” என்று ஒரு தோழி கேட்டார். வேறு வாசகர்களும் இதே குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் குறை என்று சுட்டுவதுதான் இந்நூலின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிண்டி 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்காளி, மகப்பேறு மருத்துவர். இருவரும் நைஜீரியாவில் ஒரே மருத்துவமனைப் பணியில் இருந்தபோது சந்தித்துக்கொண்டவர்கள். மேடையில் தனி நகைச்சுவை நிகழ்த்தத் தொடங்கிய நாள்களில் அறிவிப்பாளர்கள் சொக்கலிங்கம் என்ற தந்தைவழிப் பெயரை உச்சரிக்க முடியாமல் திணறியதாலும், சில வேளைகளில் அதையே கேலிக்குப் பொருளாக்கியதாலும், அவர் அதன் முதலையும் முடிவையும் விட்டுவிட்டுக் ‘கேலிங்’ ஆனார். மதுரையில் சந்நிதி கொண்ட பெயர் அப்படிக் குறுகிப்போனதை அறியும்போது தமிழ் வாசகருக்குச் சற்று வலிக்கத்தான் செய்யும்.

நூலின் மிகச் சிறந்த கட்டுரை, பள்ளிப் பருவத்திலேயே புகழின் உச்சிக்குப் போய்விட வேண்டாம் என்று பதின்பருவப் பெண்களிடம் அவர் பேசும் கட்டுரை. பள்ளிக் காதலையும் ஊர் சுற்றலையும் கொண்டாடும் ஒரு பிரபல அமெரிக்கப் பாடலைக் குறிப்பிட்டு, அதில் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்கிறார். பெற்றோர் நடத்தும் விடுதியில் உதவிக்கொண்டே அதன் வரவேற்புக் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதும் வியட்நாமியப் பெண்ணும், பாட்டி இருக்கும் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்யும் யூதப் பையனும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பில் சந்திப்பதாக ஒரு பாடல் இருந்தால் அதைத்தான் தான் விரும்புவேன் என்று எழுதுகிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அம்மா அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கும் சொல்லத் தகுந்த கதை உண்டு என்று ஒருவர் எழுதிவிட்டாரே என்ற நிறைவும் வந்தது. துயரம் இருந்தால்தான் நினைவுக் குறிப்புக்குத் தகுதி என்ற எதிர்பார்ப்பு நம் வாசகர்களிடமும் ஆழமாகவே இருக்கிறது.

இதனால் அவர் வலியைத் தொடாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பத்திரிகையின் புகைப்படப் பிடிப்புக்குப் போனபோது, தனக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் மிக மெலிந்தவர்களுக்கான அளவிலேயே ஆடைகளைக் கொண்டுவந்திருந்ததையும், தான் கழிவறைக்குள் சென்று அழுததையும், பிறகு வெளியே வந்து தனக்குப் பிடித்த ஆடையைச் சுட்டிக்காட்டி அதைத் தனக்கு ஏற்றபடி மாற்றித் தரும்படி வற்புறுத்தியதையும் சொல்கிறார். ஆடையின் முதுகுப்புறத்தைப் பிரித்து வேறு துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். சிரிப்பையும் அவமானத்தையும் ஒரே வரியில் நிறுத்தத் தெரிந்தவரால்தான் இந்தப் பகுதியை இப்படி எழுத முடியும். தோழி பிரெண்டா விதர்ஸுடன் ஆண் வேடமிட்டு நடித்த நாடகத்தின் கதையும் அதே அளவுக்குச் சுவையானது.

குறைகள் இல்லாமல் இல்லை. 24 வயதில், எட்டுப் பேர் கொண்ட எழுத்தாளர் குழுவில் ஒரே பெண்ணாக ‘தி ஆஃபிஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குள் நுழைந்தவர், அந்த அறைக்குள் நகைச்சுவை எப்படி உருவானது என்பதை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பிற்பகுதியில் பட்டியல்களும் சொந்தப் புகைப்படங்களும் பக்கங்களை நிரப்புகின்றன. அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியை அறியாதவர்களுக்குப் பல குறிப்புகள் விளங்காது. ‘அரட்டை’ என்ற எங்கள் குழுத் தோழியின் சொல் அந்தப் பக்கங்களுக்குப் பொருந்தும் என்பதை ஏற்கிறேன்.

எழுத்தின் கட்டுக்கோப்பில் டீனா ஃபே மிஞ்சிவிடுகிறார். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினைப் போல நடித்து அவர் மேடையேறிய அதே நாள்களில், தன் தொலைக்காட்சித் தொடருக்காகப் புகழ்பெற்ற தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயுடன் படப்பிடிப்பும், மகளின் மூன்றாம் பிறந்தநாளுக்குப் பீட்டர் பான் விருந்து ஏற்பாடும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நின்றதை அவர் விவரிக்கும் அத்தியாயத்தை, வேலைக்குப் போகும் தாய்மார்கள் எங்கள் குழுவில் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார்கள். போலரின் நூலோ, எழுதுவது எவ்வளவு கடினம் என்ற புலம்பலோடு தொடங்குவதால் பலர் முதல் பக்கங்களிலேயே மூடிவைத்துவிட்டார்கள். அதை ஒலிநூலாகக் கேட்பதே நல்லது. போலரோடு அவருடைய பெற்றோரும் கேரல் பர்னெட், பேட்ரிக் ஸ்டீவர்ட் முதலிய நடிகர்களும் அதில் குரல் கொடுத்திருப்பதால், அச்சில் தளர்ந்து தெரியும் பகுதிகளும் அங்கே உயிர் பெறுகின்றன.

மிண்டியின் நூலைப் பொறுத்தவரை அச்சு, ஒலி இரண்டும் நன்று. ஒலிநூலை அவரே வாசித்திருக்கிறார். வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். அவருடைய தாய் 2012 ஜனவரியில் கணையப் புற்றுநோயால் மறைந்தார்; இந்நூல் வெளிவந்தது அதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்புதான். அதை அறிந்த பிறகு, மகளின் வெற்றியைக் கண்டு மகிழும் அம்மா வருகிற பக்கங்களை நான் இரண்டாம் முறை மிக மெதுவாகப் படித்தேன்.