கையெழுத்துக்கு முன்னால் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை பாருங்கள்

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும், நாங்கள் போன மருத்துவமனையில் ஒரே வழிதான் சொன்னார்கள்: மார்பை எடுத்துவிட வேண்டும், அதுவும் உடனே. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரியது, ஒரே இடத்தில் இருந்தது. வேறு வழி உண்டா என்று கேட்டால், "உயிர் முக்கியமா, மார்பு முக்கியமா?" என்றார் மருத்துவர். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பார்கள்? அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அப்படிக் கேட்டதே அநியாயம். ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி என்ற அறுவைசிகிச்சை மருத்துவர்கள் இருபது ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு 2002-லேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கதிர்வீச்சு கொடுக்க முடியாத உடல்நிலை என்றால் முழுதாக எடுக்க வேண்டி வரலாம். சரி, அப்படியென்றால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டாமா?

எனக்கு ஆறவே ஆறாதது ரிப்போர்ட் விஷயம்தான். ஈஆர், பிஆர் (புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் இருக்கின்றனவா என்ற சோதனைகள்) இரண்டும் நெகட்டிவ். அதற்குக் கீழே, "ஹெர்2: 2+, ஃபிஷ் பரிசோதனை தேவை." ஹெர்2 என்பது அதிகமானால் புற்றுநோய்ச் செல்லை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம். 2+ என்றால் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். அதைச் செய்யாமலே ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். அப்புறம் வேறொரு புற்றுநோய் மருத்துவர் அந்த வரியைப் பார்த்துவிட்டுச் செய்யச் சொன்னார். பாசிட்டிவ். இந்த வகைக்கு டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து 1998-லிருந்தே இருக்கிறது. அக்காவுக்கு இருந்த அளவு கட்டிக்குக் கீமோவோடு அதை முதலில் கொடுத்து, சுருங்கிய பிறகு ஆபரேஷன் செய்வதும் வழக்கமாம். மருந்து கேட்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஆபரேஷனுக்குப் பிறகு அதே மருந்து ஏறுகிறது. ஆனால் போன மார்பு போனதுதான்.

ஆகவே ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றுக்கும் தெளிவான பதில் வராமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். மருந்து முதலிலா, கத்தி முதலிலா, ஏன் என்று கேளுங்கள். அக்குளில் எல்லா நிணநீர்க் கணுக்களையும் எடுக்கப் போகிறார்களா, புற்று முதலில் பரவக்கூடிய சென்டினல் கணுவை மட்டும் பார்த்தால் போதுமா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் கை வீங்கும் ஆபத்து அதிகம். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க ஒரு வாரம் ஆனால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. போகும்போது ரிப்போர்ட்டோடு பயாப்ஸித் திசுவின் கண்ணாடி ஸ்லைடையும், மெழுகில் பதித்த திசு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஃபிஷ் செய்தது அந்தப் பழைய பிளாக்கில்தான்.