பிரிகிறோம், வீடு யாருக்கு? கல்யாணம் ஆகாத ஜோடிக்கு முன்னால் இருக்கும் வழிகள்

என் தோழியும் அவளோடு எட்டு வருடம் வாழ்ந்தவரும் பிரிவதென்று முடிவெடுத்தபோது, சாமான்களைப் பிரிக்க ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. கிரைண்டர் அவளுக்கு, வாஷிங் மெஷின் அவருக்கு, பால்கனித் தொட்டிகளில் பாதிப் பாதி. பள்ளிக்கரணையில் இருவர் பெயரிலும் வாங்கிய வீடு மட்டும் பதினோரு மாதம் இழுத்தது. வங்கி, வக்கீல், பத்திர எழுத்தர் என்று அவள் அலைந்தபோது கூடவே நானும் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டது இது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும், சொத்து விஷயத்தில் சட்டம் உங்களைச் சேர்ந்து வீடு வாங்கிய இரண்டு அந்நியர்களாகத்தான் பார்க்கிறது. குடும்ப நீதிமன்றம் போக முடியாது, சிவில் கோர்ட்தான். யாருக்கு எவ்வளவு என்பதற்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45ஆம் பிரிவில் விடை வைத்திருக்கிறது. தங்களுக்குள் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, வீட்டு விலைக்கு யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம். அதைக் காட்ட ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. பத்திரத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை.

என் தோழிக்கு வலித்த இடம் இதுதான். இஎம்ஐ அவர் கணக்கிலிருந்து போனது. மளிகை, கரண்ட் பில், கார் டியூ, அவருடைய அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இவள் சம்பளத்தில் போனது. இரண்டும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது. ஆனால் பாங்க் ஸ்டேட்மென்டில் வீட்டுக்குப் பணம் கட்டியவர் அவர் மட்டும். நல்லவேளை, பங்கு சரிபாதி என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் அவளைக் காப்பாற்றியது.

சரி, வழிகளுக்கு வருவோம். கணக்குக்காக வீட்டின் விலை 80 லட்சம், பாக்கிக் கடன் 44 லட்சம், பங்கு சரிபாதி என்று வைத்துக்கொள்கிறேன்.

வெளியாளுக்கு விற்றுவிடுவது எல்லாவற்றிலும் சுத்தமான வழி. 44 லட்சம் வங்கிக்கு, மீதி 36 லட்சத்தில் ஆளுக்கு 18. பத்திரச் செலவு வாங்குபவருடையது. உங்களுக்குப் புரோக்கர் கமிஷனும் லாபத்தின் மேல் வரியும்தான். வாங்கி 24 மாதம் தாண்டியிருந்தால் அது நீண்டகால மூலதன ஆதாயம். அவரவர் பங்குக்கு அவரவர் வரி கட்ட வேண்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை, பிடிப்பார். குறை என்னவென்றால் நேரம். வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் இருவரும் சிரித்த முகமாக நிற்க வேண்டும், ஒரே விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 'இன்னும் ரெண்டு லட்சம் வரட்டும்' என்று பிடிவாதம் பிடித்தால் போச்சு.

ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலோர் மனதில் முதலில் வருகிறது. என் தோழியும் அதைத்தான் விரும்பினாள். அவருக்கு 18 லட்சம் கொடுத்து, 44 லட்சம் கடனையும் அவளே ஏற்க வேண்டும். இதில் இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று முத்திரைத் தீர்வை. கணவன் மனைவிக்கு செட்டில்மென்ட் (விலை வாங்காமல் எழுதித் தரும் பத்திரம்) எழுதினால் தமிழ்நாட்டில் 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கல்யாணம் ஆகாதவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பாதிப் பங்கு 40 லட்சத்துக்குக் கிரயம் எழுதினால் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 3,60,000 ரூபாய். அதே வீட்டில் அதே ஆள் தொடர்ந்து குடியிருப்பதற்கு இவ்வளவு!

இரண்டாவது, வங்கி. கடன் இருவர் பெயரில் இருந்தால் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. 'நீங்கள் போகலாம்' என்று வங்கி ஒருவரை விட்டுவிடாது. இருப்பவரின் சம்பளம் மட்டுமே அந்தக் கடனைத் தாங்குமா என்று புதிதாகக் கணக்குப் பார்க்கும். என் தோழிக்குத் தனியாகத் தகுதி வரவில்லை. அண்ணனைச் சேர்த்த பிறகே கடன் ஓகே ஆனது. இதைச் செய்யாமல் பத்திரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால், வெளியேறியவர் தனக்கு இல்லாத வீட்டுக்குக் கடனாளியாகவே இருப்பார். இருப்பவர் தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் விழும்.

'எனக்குப் பணம் வேண்டாம், என் பங்கை உனக்கே எழுதித் தருகிறேன்' என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்களும் உண்டு. தயவுசெய்து ஆடிட்டரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் துணைவர் என்றால் கல்யாணம் ஆனவர்தான். உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து இலவசமாக வந்தால், முத்திரைத் தீர்வைக்கு எடுக்கும் மதிப்பு முழுவதும் வாங்கியவரின் அந்த வருட வருமானத்தில் சேரும். 30 லட்சம் மதிப்புள்ள பங்கென்றால், சம்பளத்தோடு இன்னொரு 30 லட்சம் சம்பாதித்த மாதிரி வரி. அன்பாகக் கொடுத்தது கடனாக வந்து நிற்கும்.

வாடகைக்கு விட்டு, விலை ஏறியதும் விற்கலாம் என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாடகைக்கு மேல் துண்டு விழும் இஎம்ஐயை யார் கட்டுவது என்று மாதாமாதம் பேச வேண்டும். புதிதாக வேறு வீட்டுக்குக் கடன் கேட்டால் பழைய கடன் குறுக்கே நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கு அம்மாவுக்குப் போகும். இடையில் கல்யாணம் செய்திருந்தால் மனைவிக்கும் பங்கு. சேர்ந்து வீடு வாங்கிய நீங்கள் வாரிசே இல்லை. முன்னாள் காதலரின் அம்மாவும் மனைவியும் உங்கள் பங்குதாரர்களாகிவிடுவார்கள்.

எதற்கும் ஒத்துவராதபோது பாகப்பிரிவினை வழக்கு. அபார்ட்மென்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர் விற்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது மற்றவர், கோர்ட் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லலாம். முதல்நிலைத் தீர்ப்பு, அப்புறம் இறுதித் தீர்ப்பு என்று வருடங்கள் ஓடும். இஎம்ஐ நிற்காது. கோர்ட் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டு அனுபவத்தில், அதாவது வீட்டை இன்னும் சேர்ந்து அனுபவித்து வருபவர் வழக்குப் போட்டால் சிறிய நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டவர் என்றால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். கோபத்தில் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பும் முன் இதை யோசியுங்கள்.

அடி, மிரட்டல் இருந்தால் கதையே வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் அந்த வீட்டில் தங்கும் உரிமை தருகிறது. எது அப்படிப்பட்ட உறவு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியதே கோவையிலிருந்து போன ஒரு வழக்கில்தான்.

என்னைக் கேட்டால், தனியாகக் கடன் தாங்க முடிந்தவர் பங்கை வாங்கிக்கொள்ளட்டும். முடியாதென்றால் மூன்று மாதத்துக்குள் விற்பனைக்குப் போடுங்கள். வாங்கிக்கொள்பவர் முதலில் கடன் அனுமதிக் கடிதம், அப்புறம் விலை பேச்சு, கடைசியில் பத்திரம் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். என் தோழி பத்திரம் முடிந்த அன்றே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், மின் இணைப்பு, சொத்து வரி, அசோசியேஷன் டெபாசிட் மூன்றுக்கும் பெயர் மாற்றச் சம்மதக் கடிதங்களில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரமே அவர் வேலை மாறிப் புனே போய்விட்டார்.