பழைய கணினியில் பழைய படங்கள்: நினைவகம் நிரம்பும்போது எந்தச் செயலி என்ன செய்கிறது

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பழைய கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் 2 ஜி.பி. ரேம், அடுத்ததில் 4, மூன்றாவதில் 8. உறவினர்களும் கோயிலில் பழகியவர்களும் கொண்டுவரும் திருமணப் படங்களையும் காவடிப் படங்களையும் ஸ்கேன் செய்து, கறையும் மடிப்புக் கோடும் நீக்கித் திருப்பிக் கொடுக்கும் வேலையை நானும் என் அத்தை மகனும் செய்துவருகிறோம். கியூர்ப்பீப் போன்ற மழை மிகுந்த மேட்டுநிலத்து வீடுகளிலிருந்து வரும் படங்களில் பூஞ்சை அதிகம் என்பதால், ஒரு முகத்தைச் சீராக்கவே ஐந்தாறு அடுக்குகள் (படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருத்தும் படலங்கள்) தேவைப்படுகின்றன. கணினி திணறத் தொடங்குவது அங்கேதான். படம் திருத்தும் மென்பொருள்களில் எந்தச் செயலி குறைவாக நினைவகம் (ரேம்) எடுக்கிறது என்ற கேள்வியோடுதான் நாங்களும் தொடங்கினோம். இடம் போதாதபோது மிச்சத்தை அது எங்கே வைக்கிறது, அதை நாம் கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்விதான் பயனுள்ளது என்பது வேலை செய்யச் செய்யத்தான் புரிந்தது. கீழே உள்ள ஒப்பீடு அந்த அளவுகோலில் அமைந்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் செயலியின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்கு உரியது. வட்டில் 3 மெகாபைட்டாகக் கிடக்கும் ஜேபெக் படம் சுருக்கப்பட்ட வடிவம். திறந்தவுடன் அது முழுமையாக விரிகிறது. 6000 × 4000 அளவுள்ள கேமரா படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றாலே அது 72 மெகாபைட் ஆகிறது. 4 × 6 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தால் 3600 × 2400 பிக்சல்கள் கிடைக்கின்றன. ஒளிபுகு தன்மைக்கான தடத்தையும் சேர்த்து, 8 பிட்டில் (தடம் ஒன்றுக்கு ஒரு பைட்) ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 35 மெகாபைட். அதே படத்தை 1200 டி.பி.ஐ.-யில், 16 பிட்டில் எடுத்தால் ஓர் அடுக்குக்கு 276 மெகாபைட், அதாவது எட்டு மடங்கு. ஐந்து அடுக்குகள் வைத்தால், செய்த திருத்தங்களைப் பின்வாங்குவதற்காகச் செயலி வைத்திருக்கும் வரலாறு சேராமலே 1.4 ஜி.பி.-யைத் தொடுகிறது.

நாங்கள் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் 1200 டி.பி.ஐ., 16 பிட் என்றுதான் எடுத்தோம். தாத்தா பாட்டியின் ஒரே படம் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சாதாரணத் தாள் படத்தில் 600-க்கு மேல் போனால் பெரும்பாலும் தாளின் இழைதான் பெரிதாகத் தெரிகிறது. நெகட்டிவுக்குத்தான் அதற்கு மேற்பட்ட அளவு பொருந்தும். 16 பிட்டின் பயன் உண்மையானது: மங்கிப்போன படத்தின் ஒளி நிழலை நீட்டும்போது பட்டை பட்டையாகப் பிரியாமல் அது காக்கிறது. அந்த ஒரு திருத்தத்தை முதலிலேயே 16 பிட்டில் முடித்து, மூலத்தைத் தனியே சேமித்துவிட்டு, 8 பிட்டுக்கு மாற்றிய பிறகே அடுக்குகளைத் தொடங்குவது இப்போது எங்கள் வழக்கம். எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்யாமல் வேறெந்த அமைப்பையும் மாற்றிப் பெரிய பயன் இல்லை.

இனி ஃபோட்டோஷாப். முகத்தில் விழுந்த பூஞ்சைப் புள்ளியைச் சுற்றியுள்ள தோலோடு கலந்து மறைக்கும் கருவிகளில் இதை விஞ்சியது எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். இன்றைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜி.பி. ரேம் வேண்டும் என்றும் 16 ஜி.பி. இருப்பது நல்லது என்றும் அடோபியே சொல்கிறது. எனவே 4 ஜி.பி. கணினியில் அதை நிறுவி விட்டுத் திணறுகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. நினைவகம் போதாதபோது இது ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற தன் சொந்தத் தற்காலிக இடத்துக்குப் பகுதி பகுதியாக மாற்றுகிறது, அந்த இடம் எந்த வட்டில் இருக்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். சாளரத்தின் கீழ்ப்பட்டையில் எஃபிஷியன்சி என்ற எண்ணைக் காட்டச் செய்தால், அது 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் நொடியே வட்டை நாடத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். எதையும் ஊகிக்க விடாத இந்த ஒளிவின்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

படத்தை மூடிய பிறகும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஃபோட்டோஷாப்பின் எண் இறங்குவதில்லை என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது நினைவகக் கசிவு, அதாவது இடத்தைத் திருப்பித் தராத பிழை, ஆகாது. ஒருமுறை பெற்ற நினைவகத்தை அடுத்த படத்துக்காக வைத்துக்கொள்ளும்படிதான் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், ஃபோட்டோஷாப் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கும் ரேமின் 70 விழுக்காடு என்ற தொடக்க அளவை, உலாவியும் ஸ்கேனர் மென்பொருளும் அருகில் ஓடும் கணினியில் 55 அல்லது 60-க்குக் குறைப்பது பலன் தருகிறது. ஏற்றினால் விண்டோஸ் மூச்சு முட்டுகிறது. பின்செல்லக்கூடிய படிகளின் எண்ணிக்கையான ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 என்றிருப்பதை 15-க்குக் கொண்டுவரலாம். ஒரு தூரிகைத் தீற்றலுக்கு மாறிய பகுதி மட்டுமே வரலாற்றில் சேமிக்கப்படுகிறது, ஆனால் முழுப் படத்தையும் மங்கலாக்குவது, சுழற்றுவது, இரைச்சல் நீக்குவது ஆகிய ஒவ்வொன்றும் ஏறத்தாழ முழு அடுக்கையே வரலாற்றில் ஏற்றுகின்றன. அப்படியொரு வேலை முடிந்து மனநிறைவும் வந்த பிறகு, எடிட் பட்டியிலுள்ள பர்ஜ் கட்டளையால் வரலாற்றைத் துடைத்துவிடலாம். துடைத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதற்கு முன் சேமிப்பது கட்டாயம். 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பை முறைப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் பழைய கணினிக்கு அதையே வைத்துக்கொள்வது அறிவார்ந்த செயல். எங்களிடம் அது இல்லை.

கிம்ப் கட்டணமற்றது என்பதால் மட்டுமே அதை இரண்டாம் தேர்வாக எண்ணுவது தவறு. 4 ஜி.பி. கணினியில் அது எனக்கு முதல் தேர்வு, காரணம் அதன் சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கம். அங்கே டைல் கேச் என்று ஓர் அளவு இருக்கிறது. கிம்ப் படத்தைச் சிறு சிறு ஓடுகளாக வெட்டி வைக்கிறது, அந்த ஓடுகள் எவ்வளவு ரேமை நிரப்பலாம் என்பதற்கான வரம்பு அது. வரம்பைத் தாண்டிய ஓடுகள் வட்டிலுள்ள கிம்பின் சொந்தத் தற்காலிகக் கோப்பான ஸ்வாப் கோப்புக்குப் போகின்றன. வரம்பை மிகக் குறைத்தால் ரேம் காலியாக இருக்கும்போதே அது வட்டை நாடிக்கொண்டிருக்கும். மிக உயர்த்தினால், எல்லாமே ரேமில் அடங்கும் என்று நம்பி அது நிரப்பிக்கொண்டே போக, இயங்குதளம் தன் பங்குக்கு எல்லாச் செயலிகளையும் வட்டுக்குத் தள்ளத் தொடங்குகிறது. அப்போது சுட்டியைக்கூட அசைக்க முடியாது. 4 ஜி.பி. கணினியில் 1.5 ஜி.பி. என்பது எங்களுக்குப் பொருந்தி வந்த அளவு. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து டாஷ்போர்டு என்ற பலகையும் இருக்கிறது. கேச்சும் ஸ்வாப்பும் நிரம்புவதை அதில் கண்ணால் பார்த்துக்கொண்டே அளவைச் சரிசெய்யலாம்.

கிம்பில் இன்னும் இரண்டு இடங்களில் நினைவகம் ஒளிந்திருக்கிறது. இறக்குமதி செய்யும் படங்களை மிதவைப் புள்ளித் துல்லியத்துக்கு (பின்னங்களையும் காக்கும் எண் வடிவத்துக்கு) உயர்த்தும் விருப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், 8 பிட் ஸ்கேன்கூட 32 பிட்டாகி நான்கு மடங்கு வீங்கும். அதை அணைத்து வைக்க வேண்டும். மற்றொன்று அடுக்கின் பரப்பு. கிம்பில் ஓர் அடுக்கு படத்தின் முழு அளவில் இருக்க வேண்டியதில்லை; கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒட்டுப் போட்டிருந்தால், கிராப் டு கன்டென்ட் கட்டளையால் அந்த அடுக்கை அந்த அளவுக்கே வெட்டிவிடலாம். ஐந்தாறு ஒட்டுகள் கொண்ட படத்தில் இந்த ஒரு பழக்கம் மட்டுமே கணினியை உயிர்ப்பிக்கிறது. ஃபோட்டோஷாப்பை விடக் கறை நீக்கும் வேலைக்கு இங்கே கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த நேரம் என் கையில் இருக்கிறது, கணினி உறைந்து நிற்கும் நேரம் என் கையில் இல்லை.

பெயின்ட்.நெட் விண்டோஸில் மட்டும் இயங்குவது, சிறியது, விரைவாகத் திறப்பது. அதன் பின்வாங்கும் வரலாறு வட்டில் வைக்கப்படுவதால், எத்தனை படிகள் பின்செல்ல விரும்பினாலும் வட்டில் இடம் இருக்கும் வரை முடியும், ரேமுக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் ஒவ்வோர் அடுக்கும் முழுப் படத்தின் அளவே; பிக்சலுக்கு நான்கு பைட் என்ற கணக்கில், சிறு ஒட்டுக்கும் முழு விலை கொடுக்க வேண்டும். எனவே ஓரிரு அடுக்குகளில் முடியும் வேலைக்கு, அதாவது வெட்டுதல், நேராக்குதல், நிறத்தைச் சரிசெய்தல் ஆகியவற்றுக்கு, இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பூஞ்சை பிடித்த முகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோட்டோபியா உலாவிக்குள் இயங்குகிறது. படம் எங்கும் பதிவேற்றப்படுவதில்லை, நம் கணினியிலேயே வேலை நடக்கிறது. ஆகவே நம் ரேமையேதான் அது உண்கிறது, உலாவியின் சுமையும் உடன் வருகிறது. யாராவது ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பு அனுப்பினால் திறந்து பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. நினைவகம் தீர்ந்தால் அந்தத் தாவல் சரிந்துவிடக்கூடும் என்பதால், நீண்ட சீரமைப்பை அதில் நான் தொடங்குவதில்லை.

தைப்பூசக் காவடி நாளில் காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குப் படியேறும் கூட்டத்தை எடுத்த ரா கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகளுக்கு) வேறு கருவி தேவை. டார்க்டேபிள் ஒரு பிக்சலை நான்கு தடங்களில், 32 பிட் மிதவை எண்களாகக் கணக்கிடுகிறது. பிக்சலுக்கு 16 பைட். 24 மெகாபிக்சல் படத்துக்கு ஒரு பிரதியே 384 மெகாபைட், உள்ளே போகும் பிரதியும் வெளியே வரும் பிரதியும் சேர்ந்து 768. படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடும் வழி அதனிடம் இருப்பதால் ரேம் குறைந்தாலும் வேலை முடிகிறது, நேரம்தான் நீள்கிறது. அமைப்புகளில் வளங்களின் அளவைச் சிறியது என்று வைத்து, இரைச்சல் நீக்கும் பகுதியைக் கடைசியில் மட்டும் இயக்கினால், 8 ஜி.பி. கணினியில் பொறுமையோடு வேலை செய்யலாம். அதே வகைச் செயலியான ராதெரபியும் 32 பிட் மிதவை எண்களிலேயே கணக்கிடுகிறது. ஆகவே நினைவகத்தை மட்டும் கருதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதால் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

செயலியை மாற்றுவதா, கணினிக்குப் பாகம் வாங்குவதா என்பதும் இதே ஒப்பீட்டின் பகுதிதான். சுழலும் வட்டு உள்ள கணினியில் சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினால் ரேம் ஒரு மெகாபைட்கூடக் கூடுவதில்லை, ஆனால் மேலே சொன்ன ஸ்கிராட்ச் இடமும் ஸ்வாப் கோப்பும் அங்கே போய்விடுவதால் நிரம்பி வழியும்போது ஏற்படும் முடக்கம் பெருமளவு தணிகிறது. ரேம் கூட்டுவது அந்த வழிதலையே தள்ளிப்போடுகிறது. என் அனுபவத்தில் 4-இலிருந்து 8-க்குப் போவது எஸ்.எஸ்.டி.-யைவிடப் பெரிய மாற்றம், 8-இலிருந்து 16-க்குப் போவது எங்கள் வேலைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. வாங்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3எல் வகை மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் பழைய டி.டி.ஆர்.3 துண்டைச் செருகக் கூடாது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் போகிறது என்பதால், கிராபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துப் பார்ப்பதும் சோதிக்கத் தக்கது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், 4 ஜி.பி. கணினியை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புடன் கூடிய லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாற்றினோம். கிம்புக்குக் கிடைக்கும் இடம் அதனால் கூடியது, பெயின்ட்.நெட் கைவிட்டுப் போனது.

ஆகவே இப்போது 8 ஜி.பி. கணினியில் டார்க்டேபிளும், மாதச் சந்தா கட்டும் மாதங்களில் ஃபோட்டோஷாப்பும் ஓடுகின்றன. புயல் காலத்தில் மின்சாரம் போகும் என்பதால் அதற்கு மட்டும் யு.பி.எஸ். வைத்திருக்கிறோம். சீரமைப்பின் பெரும்பகுதி 4 ஜி.பி. கணினியில், கிம்பில் நடக்கிறது. 2 ஜி.பி. கணினியில் எந்தத் திருத்தமும் செய்வதில்லை. பெரியவர்கள் வரும்போது சிறிதாக்கிய படங்களை அதில் காட்டுகிறோம். அவர்கள் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு சொல்லச் சொல்ல, பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் எண்ணுக்கு நேரே தட்டச்சு செய்துகொள்கிறோம்.