பழுதாகும் வன்தட்டு: சரிசெய்வதா, நகலெடுப்பதா, ஆய்வகத்துக்கு அனுப்புவதா?

கோப்புறையைத் திறந்தால் கணினி அரை நிமிடம் உறைந்து நிற்பதும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள் வன்தட்டின் நிலையை மஞ்சள் நிறத்தில் காட்டுவதும் தொடங்கிவிட்டால், பயனரின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஓடவிட்டுச் சரிசெய்வது, வேண்டிய கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுப்பது, தட்டு முழுவதையும் செக்டர் செக்டராக (தரவு பதியும் சிறு துண்டுகள் ஒவ்வொன்றாக) பிரதியெடுப்பது, தரவு மீட்பு ஆய்வகத்திடம் ஒப்படைப்பது. செலவையோ எளிமையையோ வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். பழுதாகிக்கொண்டிருக்கும் தட்டிடம் எந்த வழி எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

பழுது தட்டில்தானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். தட்டு தன் நலத்தைத் தானே கண்காணித்துக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால் செக்டர்கள் கெட்டு வருகின்றன என்று பொருள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் தட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். (கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இம்மதிப்புகளைப் பதினாறடிமான எண்களில் காட்டும்; அங்கே 10 என்றிருந்தால் அது பதினாறு.) பட்டியல் சுத்தமாக இருப்பதும் உத்தரவாதம் அல்ல. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செயலிழந்த தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையை விட்டுவிட்டால், ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியையும் காட்டியிருக்கவில்லை.

செக்டிஸ்க்கைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள். நான்கில் ஆபத்தானதும் அதுவே. மின்தடையால் கோப்பு முறைமை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு) குழம்பிப்போன, உடல்நலம் குன்றாத தட்டுக்கு அது நல்ல கருவி. கெடும் தட்டிலோ, '/r' சேர்த்து ஓடவிட்டால் கெட்ட பகுதிகள் உட்படப் பரப்பு முழுவதையும் அது படிக்கிறது. படிக்க இயலாத பதிவுகளை நீக்கி, அநாதையான துண்டுகளை 'ஃபவுண்ட்.000' என்ற கோப்புறையில் போடுகிறது. உங்களிடம் இருக்கும் ஒரே பிரதியின் மீதே இத்தனை எழுத்து வேலையும் நடக்கிறது.

உண்மையான போட்டி நகலெடுப்பதற்கும் பிரதியெடுப்பதற்கும் இடையில்தான். தேவை சில ஜிபி ஆவணங்கள் மட்டுமே என்றால், தட்டும் இன்னும் ஓரளவு ஒத்துழைக்கிறது என்றால், அவற்றை உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுவதே சரி. முழுப் பிரதிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் கெட்ட செக்டர் ஒன்றில் சிக்கியதும் விண்டோஸ் அங்கேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும், சில வேளைகளில் தட்டே இணைப்பிலிருந்து மறைந்துவிடும். இத்தகைய நிலையில் குனூ டிடிரெஸ்கியூவுக்கு இணையான இலவசக் கருவி இல்லை என்பேன். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, அவற்றுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. எது படிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால், இடையில் நிறுத்தித் தட்டை ஆறவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். '-n' சேர்த்தால், கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்கும் கட்டத்தைத் தள்ளிப்போடும்.

இதற்கும் விலை உண்டு. மூலத்தட்டின் கொள்ளளவுக்குக் குறையாத இன்னொரு தட்டு வேண்டும். லினக்ஸ் கட்டளைகளில் ஓரளவு பழக்கம் வேண்டும் (சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸ் மீட்பு இயங்குதளத்தை யூஎஸ்பியில் ஏற்றினால் கருவி அதிலேயே இருக்கும்). மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டச்சு செய்தால் எல்லாம் அழிந்துபோகும். நலமான 1 டிபி தட்டை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கவே மூன்று மணி நேரம் நெருங்கும் என்றால், கெட்ட தட்டு நாள்கணக்கில் இழுப்பதில் வியப்பில்லை. பிரதி கைக்கு வந்த பிறகு செக்டிஸ்க், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எனச் சரிசெய்யும், மீட்கும் கருவிகள் எதையும் அதன் மீது முயன்று பார்க்கலாம்.

படிக்கும் தலை பழுதானதன் அறிகுறியான 'டக் டக்' என்ற ஓசை கேட்டால் மேற்சொன்ன மூன்றும் விலக்கு. படிக்கும் தலை, சுழலும் பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. சேதமான தலையோடு தட்டை ஓடவிட்டுப் பரப்பு கீறிவிட்டால், அந்தத் தரவை ஆய்வகத்தாலும் மீட்க இயலாது. எனவே மின்சாரத்தை உடனே துண்டிப்பதே செய்யக்கூடிய காரியம். ஆய்வகத்தினர் தூசியற்ற அறையில் அதே மாதிரித் தட்டிலிருந்து எடுத்த தலையைப் பொருத்துவார்கள். பொருத்திய பின் அவர்களும் முதலில் எடுப்பது முழுப் பிரதியைத்தான். தட்டை உறைபெட்டியில் வைக்கும் பழைய வித்தை உள்ளே ஈரம் படிய வைக்கும். மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்றுவதும் பெரும்பாலும் பலிக்காது, ஏனெனில் அந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பழைய பலகையின் சிப்பில் பதிந்திருக்கும். ஆய்வகத்தின் கட்டணம் பெரியது. தட்டிலுள்ளது மறுபடி பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்கள்தான் என்றால் அச்செலவு வீண்.

தரவு வெளியே வந்த பின், பழைய தட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதினால் ஸ்மார்ட் பட்டியலில் 197-இன் (படிக்க இயலாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின்) மதிப்பு பூஜ்யமாகி, தட்டு தேறிவிட்டதுபோல் தோன்றலாம். ஆனால் எழுத மறுத்த செக்டர்களுக்குப் பதிலாக உபரி செக்டர்கள் ஒதுக்கப்பட, 5-இன் மதிப்பு உயர்ந்திருக்கும். முதல் மாற்று ஒதுக்கீட்டுக்குப் பிந்தைய 60 நாள்களில் ஒரு தட்டு செயலிழக்கும் வாய்ப்பு, ஒதுக்கீடு இல்லாதவற்றைவிட 14 மடங்குக்கும் மேல் என்று அதே கூகுள் கட்டுரை கணக்கிட்டது. இதனால், இத்தகைய தட்டைப் பாதிவிலைக்கு விற்பதையோ காப்புப்பிரதிக்கு வைத்துக்கொள்வதையோ நான் ஏற்கவில்லை.